ஊசிக்கும் ஒரு முடிவுத் திகதி

“குளிசையக் கூட்டித் தாங்க டொக்டர், ஊசி மட்டும் வேணாம்.”

திருகோணமலை மாவட்டத்தில் எந்தச் சீனி வருத்தக் கிளினிக்கிலும் இந்த வேண்டுகோளைக் கேட்கலாம். நகரத்துப் பெரியாஸ்பத்திரியானாலும் சரி, கிண்ணியா, மூதூர், கந்தளாய் வைத்தியசாலைகளானாலும் சரி, பேசுகிறவர் தமிழரோ முஸ்லிமோ சிங்களவரோ, பயம் ஒன்றுதான். ஊசி என்றால் கடைசிக் கட்டம். தொட்டால் உயிருள்ள மட்டும் விடாது. பக்கத்து வீட்டு ஐயாவுக்கு ஊசி போடத் தொடங்கிய பிறகுதானே காலை எடுத்தார்கள்?

இந்தக் கடைசிக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஊரார் கண்ணால் கண்ட சாட்சியம் அது. கண்டது உண்மை, காரணம்தான் இடம் மாறிவிட்டது. பத்துப் பன்னிரண்டு வருடம் குளிசை. ஒவ்வொரு கிளினிக்கிலும் ‘சீனி கொஞ்சம் கூட’ என்ற ஒரே பேச்சு. இடையில் காலில் ஆறாத புண். வெறும் வயிற்றுச் சீனி 300ஐத் தாண்டிய பிறகு, வேறு வழியில்லை என்று ஊசி. அதன்பின் சில மாதங்களில் ஒரு விரல், பிறகு பாதம். அந்தக் காலைத் தின்றது ஊசிக்கு முந்திய பத்து வருடம். ஊசி பிந்தி வந்தது என்பதுதான் அந்தக் கதையில் ஊசிக்கு உள்ள பங்கு.

நடுவயதில் வரும் நீரிழிவில் இன்சுலின் இரண்டு வாரத்துக்கோ இரண்டு மாதத்துக்கோ மட்டும் தேவைப்படும் சந்தர்ப்பங்கள் பல உண்டு. அது வைத்தியர்களுக்குத் தெரியும், பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. நோயாளியிடம் மட்டும் அது போய்ச் சேர்வதில்லை. ஊசி தொடங்கும் நாளிலேயே “இது ஏன், எதுவரை, எப்போது திரும்பிப் பார்ப்போம்” என்று சொல்லி எழுதிக் கொடுக்கும் வழக்கம் நமது கிளினிக்குகளில் வேரூன்றவில்லை. பயத்தின் பாதி அந்த இடைவெளியில்தான் முளைக்கிறது.

‘கடைசிக் கட்டம்’ என்ற எண்ணத்துக்கு ஒரு சரித்திரமும் உண்டு. 1922 ஜனவரி 11ஆம் திகதி கனடாவின் டொரன்டோ நகரில் லியோனார்ட் தொம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. கணையத்திலிருந்து எடுத்த சாறு சுத்தமாக இல்லாததால் முதல் ஊசி சரிவரவில்லை. ஜேம்ஸ் கொலிப் என்ற ஆய்வாளர் அதைச் சுத்திகரித்துத் தந்த பிறகு, ஜனவரி 23ஆம் திகதி போட்ட ஊசிதான் வேலை செய்தது. அதற்குப் பின் முப்பது வருடத்துக்கும் மேலாக நீரிழிவுக்கு உலகில் இரண்டே வைத்தியங்கள் இருந்தன: சாப்பாட்டைக் கட்டுப்படுத்துவது, அல்லது இன்சுலின். நீரிழிவு ஒரே நோயல்ல, இன்சுலினுக்கு நன்றாக மசியும் வகையும் மசியாத வகையும் உண்டு என்று லண்டன் வைத்தியர் ஹரோல்ட் ஹிம்ஸ்வர்த் 1936இல் காட்டினார். காட்டியும் என்ன, கையில் வேறு மருந்து இருக்கவில்லை.

குளிசை வந்த விதமே ஒரு விபத்துத்தான். 1942இல் பிரான்சின் மொம்பெலியே நகரில் மார்செல் ஜான்போன் என்ற வைத்தியர் டைபோயிட் காய்ச்சலுக்கு ஒரு புதிய சல்பா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நோயாளிகளுக்குச் சீனி தாறுமாறாக இறங்கியது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனதில் 1956இல் டொல்பியூட்டமைட் குளிசை ஐரோப்பியக் கடைகளுக்கு வந்தது. அடுத்த வருடமே ஜோன் ஸ்டேர்ன் என்ற வைத்தியர் மெட்போமின் என்ற இன்னொரு குளிசையைப் பற்றி எழுதினார். விழுங்கக்கூடிய மருந்து இருக்கும்போது யார் குத்திக்கொள்ளப் போகிறார்கள்? சாப்பாடு, ஒரு குளிசை, இரண்டு குளிசை, மூன்று குளிசை, எல்லாம் தோற்றால் ஊசி என்று ஓர் ஏணி தானாகவே உருவாகிவிட்டது. மருந்துகள் சந்தைக்கு வந்த ஒழுங்கும் பாவிக்கும் வசதியும் சேர்ந்து போட்ட ஏணி அது. வியாதியின் போக்கைப் பார்த்து யாரும் அளந்து செய்ததல்ல.

சதையியின் அலுப்பு

கணையம் என்றும் சொல்லப்படும் சதையியில் இருக்கும் பீற்றாக் கலங்கள்தான் இன்சுலினைச் சுரக்கின்றன. நடுவயது நீரிழிவில் அவை ஒரேயடியாகச் சாவதில்லை. ஈரலிலும் வயிற்றைச் சுற்றியும் கொழுப்பு சேரச் சேர, உடம்பு இன்சுலினின் சொல் கேட்காமல் போகிறது. ஈடுகட்ட இந்தக் கலங்கள் கூடுதலாகச் சுரக்கின்றன. ஒரு கட்டத்தில் முடியாமல் சீனி ஏறுகிறது. ஏறிய சீனியே பிறகு கலங்களுக்கு நஞ்சாகி, இருக்கிற சுரப்பையும் அமுக்குகிறது. சீனி கூடினால் சுரப்பு குறையும், சுரப்பு குறைந்தால் சீனி இன்னும் கூடும். இந்தச் சுற்றை வெளியிலிருந்து வரும் இன்சுலின் சில நாட்களில் அறுத்துவிடும். நிலாவெளிக் கரையில் விடியற்காலையிலிருந்து கரைவலை இழுத்துக் கை சோர்ந்தவரை ஒரு பாட்டம் உட்காரவிட்டு, அவருடைய கயிற்றை இன்னொருவர் பிடிப்பது போன்ற வேலை அது. இளைப்பாறியவர் எழும்பி வந்து மறுபடி இழுக்கலாம். ஆனால் அவர் இன்னும் உயிரோடும் பலத்தோடும் இருக்க வேண்டும்.

இது வெறும் ஊகமல்ல. 1997இல் துருக்கியின் இஸ்தான்புல்லில் இல்கோவா குழுவினர், உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் சீனி அடங்காத 13 பேருக்கு இரண்டு வாரம் தீவிரமாக இன்சுலின் ஏற்றி நிறுத்தினார்கள். ஒன்பது பேருக்கு நெடுங்காலம் சாப்பாட்டு ஒழுங்கே போதுமானதாக இருந்தது. 13 பேர் என்பது சின்னத் தொகை. சீனாவின் குவாங்சோ நகரத்து ஆய்வாளர்கள் இதைப் பெரிதாக்கினார்கள். வெங் ஜியன்பிங் தலைமையில் ஒன்பது வைத்தியசாலைகளில், நீரிழிவு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட 382 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு இன்சுலின் பம்ப், இன்னொரு பகுதியினருக்கு நாளுக்குப் பல ஊசி, மூன்றாம் பகுதியினருக்குக் குளிசை. சீனி வழமைக்கு வந்து இரண்டு வாரம் ஆனதும் எல்லா மருந்தையும் நிறுத்தினார்கள். பிறகு சாப்பாடும் நடையும் மட்டுமே. ஒரு வருடம் கழிந்த பிறகும் மருந்தில்லாமல் சீனி கட்டுக்குள் இருந்தவர்கள் பம்ப் பிரிவில் 51.1 சதவீதம், ஊசிப் பிரிவில் 44.9 சதவீதம், குளிசைப் பிரிவில் 26.7 சதவீதம். 2008இல் லான்செட் இதழ் இதை வெளியிட்டது.

2013இல் டொரன்டோவில் ரவி ரெட்னகரன் குழுவினர் இப்படியான ஏழு ஆய்வுகளைச் சேர்த்து 839 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். மூன்று மாதத்தில் 66 சதவீதம் பேர் மருந்தின்றி இருந்தனர், ஒரு வருடத்தில் 46, இரண்டு வருடத்தில் 42.

இந்த எண்களை வைத்துக்கொண்டு ‘இரண்டு வார ஊசியில் சீனி மாயம்’ என்று யாராவது நோட்டீஸ் அடிக்க முன்னர் சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஆட்கள் எல்லோரும் ஏறக்குறையப் புது நோயாளிகள். வார்டில் வைத்து நாளுக்குப் பல தடவை சீனி பார்த்துச் செய்த வைத்தியம் அது. மூன்று மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் ஐந்தில் ஒருவர் நழுவிவிட்டார். அமெரிக்காவில் நடந்த ரைஸ் ஆய்வின் முடிவோ வேறு. சீனி எல்லையில் நின்றவர்களுக்கும் இலேசான புது நீரிழிவுக்காரர்களுக்கும் மூன்று மாதம் இன்சுலினும் பிறகு ஒன்பது மாதம் மெட்போமினும் கொடுத்தார்கள். நிறுத்தியதும் கலங்களின் வலு பழைய இடத்துக்கே போய்விட்டது. சீனி மிக உயர்ந்து கலங்கள் அமுங்கிப்போனவருக்கே இளைப்பாறுதலால் பலன், இலேசாக உயர்ந்தவருக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை என்று இதைப் படிக்கலாம்.

சீனியை மருந்தில்லாமல் அடங்கச் செய்யும் வழி ஊசி ஒன்றுதான் என்றும் இல்லை. 2017இல் வெளியான பிரிட்டனின் டைரெக்ட் ஆய்வில் 306 பேர் இருந்தனர். நாளுக்கு 850 கிலோகலோரி அளவில் மூன்று முதல் ஐந்து மாதம் உணவைச் சுருக்கியவர்களில் 46 சதவீதம் பேர் ஒரு வருட முடிவில் மருந்தில்லாமல் இருந்தனர். வழக்கமான வைத்தியம் பெற்றவர்களில் அது 4 சதவீதம். இன்சுலினும் பட்டினியும் ஒன்றுக்கொன்று எதிரான வழிகளாகத் தோன்றலாம். இரண்டும் செய்வது ஒன்றைத்தான்: சதையியின் தலையில் இருக்கும் சுமையை இறக்குவது.

மாவும் சீனியும்

சுமை இந்த மாவட்டத்தில் எங்கிருந்து வருகிறது என்பதற்கு உட்துறைமுகத்தைப் பார்த்தாலே போதும். சீனக்குடாவில் 1980 முதல் இயங்கும் பிறிமா மாவாலை, ஒரே இடத்தில் அமைந்த உலகின் பெரிய மாவாலைகளுள் ஒன்று. கப்பலில் வரும் கோதுமை இங்கே மாவாகி நாடு முழுவதும் போகிறது. ஆலையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, வேலை தரும் இடம் அது. ஆனால் காலையில் பாண், பத்து மணிக்கு வடையோடு மா டீ, இரவுக்குக் கொத்து ரொட்டி என்று மாவே மூன்று வேளையையும் பிடித்துக்கொண்டது ஒரு தலைமுறைக்குள் நடந்த மாற்றம். 2005 - 06 காலத்தில் நடந்த தேசிய ஆய்வில் இலங்கையின் வயது வந்தோரில் 10 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டோருக்கு நீரிழிவு இருந்தது. 2018 - 19இல் நடந்த இன்னொரு தேசிய ஆய்வு ஏறக்குறைய 23 சதவீதம் என்றது. இரண்டும் ஒரே அளவுகோலில் எடுத்தவை அல்ல என்றாலும் போகும் திசையில் சந்தேகமில்லை.

இவர்களில் யாருக்குத் தற்காலிக ஊசி வரும்? முதல் நாளே 300க்கு மேல் சீனியோடும், காரணமில்லாமல் மெலிந்தும், இரவில் நாலைந்து தடவை எழும்பியும் வருகிறவருக்கு. நெடுநாள் சீனி அளவைக் காட்டும் எச்பிஏ1சி 10ஐத் தாண்டியிருந்தாலோ, மெலிவோ தாகமோ இருந்தாலோ தொடக்கத்திலேயே இன்சுலினை யோசிக்கும்படி அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டி சொல்கிறது. காலில் சீழ் பிடித்தவருக்கும் நியூமோனியாக்காரருக்கும் மாரடைப்பு வந்தவருக்கும் தேவைப்படலாம். உடம்பு ஒரு பெரிய நோயோடு மல்லுக்கட்டும்போது சீனி தானாக ஏறும், மெட்போமின் போன்ற சில குளிசைகளை அப்போது நிறுத்தவும் வேண்டிவரும். பெரிய ஒப்பரேஷன் என்றாலும் அப்படியே. தொற்றும் புண்ணும் ஆறியதும் பலர் பழைய குளிசைக்கே திரும்பிவிடுவார்கள்.

ஸ்டீரொயிட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே அது அடிக்கடி தப்பிப்போகிறது. தொய்வுக்கோ மூட்டுவாதத்துக்கோ பிரெட்னிசலோன் குளிசை எழுதுவார்கள். அதைக் காலையில் விழுங்கினால் சீனி பின்னேரமும் முன்னிரவிலும்தான் உச்சத்துக்குப் போகும். விடியற்காலைப் பரிசோதனையில் கணக்கு ஒழுங்காகவே தெரியும். வெறும் வயிற்றுச் சீனியை மட்டும் பார்க்கும் பழக்கம் உள்ள ஒருவர் ‘எனக்குச் சரியாத்தான் இருக்கு’ என்று இருந்துவிடுவார், பின்னேரத்தில் 350 ஓடிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்டவருக்குக் காலையில் போடும் ஒரு நடுத்தர நேர இன்சுலின் போதுமானதாக இருக்கலாம். ஸ்டீரொயிட்டைக் குறைக்கக் குறைக்க ஊசியையும் குறைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சீனி தாழ்ந்துவிடும். 2020 ஜூனில் டெக்ஸமெதசோன் கடும் கொவிட் நோயாளிகளின் உயிரைக் காக்கிறது என்று ஒக்ஸ்போர்ட் ஆய்வு காட்டிய பிறகு, வீட்டுக்குப் போகும்போது ஊசி தேவைப்படாத எத்தனையோ பேருக்கு உலகெங்கும் வார்டில் ஊசி போடப்பட்டது. அந்த அனுபவம் ஊர்ப் பேச்சில் ஏறவே இல்லை.

ஊசியை நிறுத்த முடியாதவர்களும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது ஆபத்து. சின்ன வயதில் வரும் முதலாம் வகை நீரிழிவில் ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே இரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்து வரும். முப்பது நாற்பது வயதில் மெல்ல வரும் அதே வகை ஒன்று இருக்கிறது. இரண்டாம் வகை என்றே எண்ணிப் பல மாதம் குளிசையில் ஓட்டுவார்கள். சதையியில் கல் விழுந்தவர்கள், பதினைந்து இருபது வருட நோயாளிகள், சிறுநீரகம் கெட்டவர்கள் ஆகியோரில் பலருக்கும் ஊசி நிரந்தரம். சந்தேகம் இருந்தால் சி-பெப்டைட் என்ற இரத்தப் பரிசோதனை, உடம்பு தானாக எவ்வளவு சுரக்கிறது என்று காட்டும். ‘பேப்பரில் போட்டிருந்தது, தற்காலிகம்தானாம்’ என்று சொல்லி யாரும் தானாக ஊசியை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்துவதும் தொடங்குவது போலவே வைத்தியரின் வேலை.

கடலும் ஐஸ்பெட்டியும்

ஒரு மீனவரை வைத்து யோசிக்கலாம். வயது ஐம்பது, பின்னேரம் படகேறி விடியும்போது கரை திரும்புபவர். பாதத்தில் முள் குத்திச் சீழ் பிடித்ததில் நோய் இருப்பதே தெரியவருகிறது. காலை இரவு என்று இரண்டு வேளை கலவை இன்சுலின் எழுதுகிறார்கள். இரவுச் சாப்பாட்டோடு போட வேண்டிய ஊசியை அவர் எங்கே போடுவார்? படகில் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்காது, வலை வந்தால் சாப்பாட்டு நினைப்பே வராது. நடுக்கடலில் சீனி 70க்குக் கீழே போய்க் கை நடுங்கி வியர்த்தால் பக்கத்தில் கடையில்லை. ஆகவே அவர் ஊசியைப் போடாமல் விட்டுவிடுகிறார், கிளினிக்கில் ‘போடுறன்’ என்கிறார். சீனி இறங்கவில்லை என்று அங்கே அளவைக் கூட்டுகிறார்கள். ஒரு நாள் பயந்துபோய்க் கூட்டிய அளவையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு அவர் கடலுக்குப் போனால் என்ன ஆகும்?

புண் ஆறும் வரை இரவுத் தொழிலுக்குப் போகாமல் இருக்க முடியுமா என்று கேட்டு, ஊசி எத்தனை வாரத்துக்கு என்று சொல்லியிருந்தால் அவர் ஒத்துக்கொண்டிருக்கக்கூடும். உயிருள்ளவரை என்று நினைப்பவரிடம் தொழிலை விடச் சொல்வது வேறு, ஆறு வாரத்துக்கு என்று தெரிந்தவரிடம் சொல்வது வேறு. முடிவுத் திகதி இருக்கும் வைத்தியத்தை ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

மருந்தை வைக்கும் விடயத்திலும் கடற்கரை ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. ஐஸ் இங்கே மலிவு. மீன் பெட்டியில் ஐஸ்கட்டியோடு குப்பியைப் போட்டு வைத்தால் இன்சுலின் உறைந்துவிடக்கூடும். உறைந்தது உருகினாலும் கொட்ட வேண்டியதுதான். திறக்காத குப்பிக்கு வேண்டியது 2 முதல் 8 பாகை செல்சியஸ். திறந்த குப்பியை வெயில் படாத, குளிர்ச்சியான இடத்தில் பொதுவாக நான்கு வாரம் வைத்துப் பாவிக்கலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே குளிர்ச்சியான இடத்துக்கு எங்கே போவது? ஈர மணலில் புதைத்த மண்பானை இதற்கு உதவும். கென்யாவின் டாகஹலே அகதி முகாமில் எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், 25க்கும் 37க்கும் இடையில் ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் இருந்த இன்சுலின் வீரியம் இழக்கவில்லை. ஃபிரிட்ஜ் இல்லை என்பதற்காகவே ஊசி வேண்டாம் என்று சொல்லும் வீடுகளுக்கு இந்தச் செய்தி போக வேண்டும்.

குப்பியைப் பற்றி இன்னொன்று. அரச கிளினிக்கில் கிடைக்கும் குப்பியில் ஒரு மில்லிலீற்றருக்கு 100 அலகு. 10 மில்லிலீற்றர் குப்பியில் 1,000 அலகு. நாளுக்கு 20 அலகு போடுகிறவருக்கு அது 50 நாள் வரும், ஆனால் நான்கு வாரக் கணக்கு அதற்கு முன்னரே முடிந்துவிடும். குப்பியில் திறந்த திகதியை எழுதச் சொல்லும் தாதியின் தொணதொணப்புக்கு அர்த்தம் இருக்கிறது. சென்னைக்கோ திருச்சிக்கோ வைத்தியத்துக்குப் போய்வருகிறவர்கள் கொண்டுவரும் சிரிஞ்சோ இதைவிடப் பெரிய வில்லங்கம். இந்தியாவில் 40 அலகுக் குப்பியும் அதற்கென்ற சிவப்பு மூடிச் சிரிஞ்சும் பரவலாக விற்கின்றன. 100 அலகுக் குப்பிக்குச் செம்மஞ்சள் மூடி. நம் குப்பியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 அலகு. மயங்கி விழ அது தாராளமாகப் போதும்.

கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பு மாதம் வேறொரு கேள்வியைக் கொண்டுவரும். ஊசி போட்டால் நோன்பு முறியுமா? முறியாது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. சிக்கல் ஊசியில் இல்லை, அளவில்தான். பகல் முழுதும் சாப்பிடாதவருக்குப் பழைய அளவும் பழைய நேரமும் பொருந்தாது. நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்னரே வைத்தியரைப் பார்க்கும்படி சர்வதேச வழிகாட்டிகள் சொல்கின்றன. அந்தச் சந்திப்பே ‘இந்த ஊசி இன்னும் தேவையா?’ என்று கேட்க நல்ல தருணம்.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை நகரத்துப் பெரியாஸ்பத்திரிக்கு ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறித்தான் வரவேண்டியிருந்தது. இன்று ஓட்டோவில் வந்துவிடலாம். தூரம் குறைந்தது, கிளினிக் கியூ குறையவில்லை. மாதம் ஒருமுறை வந்து, பல மணி நேரம் காத்திருந்து, இரண்டு மூன்று நிமிடம் வைத்தியரைக் காணும் முறையில் ஊசியைத் தொடங்குவது சுலபம். ஒரு வரி எழுதினால் முடிந்தது. குறைத்து நிறுத்துவதற்கோ வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் சீனி பார்த்த கணக்கு வேண்டும். குளுக்கோமீற்றரும் அதன் ஸ்ட்ரிப்பும் பெரும்பாலானவர்களுக்குச் சொந்தக் காசு. எச்பிஏ1சியும் பலருக்கு வெளி லாப்பில்தான். கணக்கில்லாத வைத்தியர் துணிந்து குறைக்க மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. இப்படித்தான் தற்காலிக ஊசி எவரும் முடிவெடுக்காமலேயே நிரந்தர ஊசியாகிறது. ஊசி போட்ட சிலருக்கு இரண்டாம் மாதத்தில் அடிக்கடி சீனி தாழ்ந்து நடுக்கம் வரும். அது பல வேளை சதையி எழும்பிவிட்டது என்ற நல்ல சேதி. நமது ஆட்கள் அதை ஊசியின் கெடுதி என்று எண்ணிக் கூடச் சாப்பிட்டு எடை போட்டுக்கொள்கிறார்கள்.

செய்யக்கூடியது பெரிய செலவில்லாத வேலை. கிளினிக் கொப்பியில் ஊசி எழுதும் பக்கத்தில் மூன்று வரி: காரணம், எதிர்பார்க்கும் காலம், மறுபரிசீலனைத் திகதி. ‘கால் தொற்று, ஆறு வாரம், இன்ன திகதி’ என்று இருந்தால் அடுத்து வரும் வைத்தியர் யாராக இருந்தாலும் அந்தத் திகதி அவரிடம் கேள்வி கேட்கும். ‘நிரந்தரம்’ என்று எழுத வேண்டியவருக்கு அதையும் நேராக எழுதலாம். வைத்தியர்கள் இடமாற்றம் ஆகிக்கொண்டே இருக்கும் ஒரு மாவட்டத்தில் கொப்பிதான் ஞாபகம். கூடவே ஊசி தொடங்கிய முதல் எட்டு வாரத்துக்கு மட்டும் ஸ்ட்ரிப்பை அரசு கொடுக்கட்டும். வருடக்கணக்காக வீணாகப் போடும் இன்சுலினையும் சீனி தாழ்ந்து வார்டுக்கு வரும் செலவையும் பார்த்தால் நட்டம் வராது என்றே தோன்றுகிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்ட நாட்டில், தேவைப்படாத ஒருவர் எடுக்கும் குப்பி தேவைப்படும் பிள்ளைக்குப் போகவேண்டிய குப்பி.

பேச்சிலும் ஒரு திருத்தம் தேவை. “சாப்பாட்டைக் கட்டுப்படுத்தாட்டி ஊசிதான்” என்று வெருட்டுவது நல்லெண்ணத்தில் சொல்லப்படுவதுதான். 13 நாடுகளில் 5,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த டோன் ஆய்வு, இன்னும் ஊசிக்குப் போகாதவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதை நினைத்துக் கவலைப்படுவதையும், ஊசி வந்தால் அது தங்கள் பிழை என்று பலர் எண்ணுவதையும் காட்டியது. (இன்சுலின் விற்கும் கம்பனி ஒன்றின் பணத்தில் நடந்த ஆய்வு அது. இருந்தாலும் எந்தக் கிளினிக் வாங்கிலில் உட்கார்ந்தாலும் அதே கதைதான்.) தண்டனை என்று சொல்லிப் பழக்கிய ஒன்றை, பிறகு மருந்து என்று சொன்னால் யார் நம்புவார்?

வேடிக்கை என்னவென்றால், தற்காலிக ஊசியைப் பயமில்லாமல் ஏற்றுக்கொண்ட ஒரு கூட்டம் இதே வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. கர்ப்ப காலத்தில் சீனி ஏறி, குளிசையும் சாப்பாடும் போதாமல் ஊசி போட்டுக்கொண்ட தாய்மார். ‘பிள்ளை பிறக்கும் மட்டும்தான்’ என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கே வந்து கேட்டுப் பார்ப்பார். பெரும்பாலானோருக்குப் பிள்ளை பிறந்ததும் ஊசி நின்றுவிடும். மாமனார் ஊசிக்கு அழும் அதே வீட்டில் மருமகள் இரண்டு மாதம் நாளுக்கு மூன்று தடவை குத்திக்கொண்டிருப்பாள், யாரும் அதைக் கடைசிக் கட்டம் என்று சொல்வதில்லை. முடிவுத் திகதியைச் சொன்னால் பயம் போகும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை, இந்த வீடுகளே போதும்.

அங்கேயும் ஓர் ஓட்டை இருக்கிறது. கர்ப்ப காலத்தில் சீனி ஏறியவருக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் அபாயம் மற்றத் தாய்மாரை விட ஏழு முதல் பத்து மடங்கு. பிரசவத்துக்குப் பின் நான்கு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனை கட்டாயம். ஊசி நின்ற சந்தோஷத்திலும் கைக்குழந்தையின் அலுவலிலும் அது மறந்துபோகிறது. பிள்ளைக்கு இரண்டாம் மாதத் தடுப்பூசி போடும் நாள் இந்தக் காலத்துக்குள்தான் விழுகிறது, எந்தத் தாயும் அதைத் தவறவிடுவதில்லை. அன்று காலை தாயை வெறும் வயிற்றோடு வரச் சொல்லிப் பிள்ளைக்கு ஊசியும் தாய்க்குச் சீனிப் பரிசோதனையும் ஒரே இடத்தில் முடித்துவிட்டால், நாற்பது வயதில் ஆறாத புண்ணோடு கிளினிக்குக்கு வரக்கூடிய ஒருத்தியை முப்பதிலேயே கண்டுபிடித்துவிடலாம். அதற்குப் புதிய கட்டடமும் வேண்டாம், புதிய ஆளணியும் வேண்டாம், பிள்ளையின் தடுப்பூசி அட்டையில் தாய்க்கென்று ஒரு கட்டம் போட்டால் போதும்.